ஒரே கேம், ஆளுக்கொரு ஆசை: ஏன் இப்படி?

பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ என்ற செல்போன் துப்பாக்கிச் சண்டை கேமை ஆடுகிற நாலு பேரை ஓர் அறையில் உட்காரவைத்துப் பாருங்கள். விமானம் எராங்கெல் மேப்பின் மேல் பறக்கத் தொடங்கியதுமே வாக்குவாதம் வந்துவிடும்: எங்கே குதிப்பது? ஒருத்தன் மேப்பில் உள்ள போச்சிங்கி என்ற ஊரில்தான் இறங்க வேண்டும் என்பான். அங்கேதான் கூட்டம் இறங்கும், கால் தரையில் பட்ட ஒரு நிமிடத்தில் சண்டை. இன்னொருத்தன் ரேங்க் போய்விடும் என்று பதறுவான். ஓரமாக இறங்கி, லூட் (கிடக்கும் ஆயுதம், சாமான்) சேர்த்து, கடைசிப் பத்துப் பேருக்குள் வந்தால்தான் புள்ளி ஏறும் என்பது அவன் கணக்கு. மூன்றாவது ஆளுக்கு ஒரு வீட்டுக் கூரைமேல் ஏற ரகசிய வழி இருக்கிறதாம், அது நிஜமா என்று பார்த்தே ஆக வேண்டும். நாலாவது ஆள் எங்கே குதித்தாலும் சரி என்பான். மைக் ஆனில் இருக்க வேண்டும், பேச்சு ஓட வேண்டும், யாராவது அடிபட்டு 'நாக்' ஆகி விழுந்தால் ஓடிப்போய் எழுப்பிவிட்டு 'ரிவைவ்' பண்ண வேண்டும், அவ்வளவுதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து ரூமுக்குத் திரும்பும் பையன்களிடமும், கோவை இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்களிலும் இந்த வாக்குவாதத்தைத் தினமும் கேட்கலாம். "இவனுக்கு ஆடவே தெரியலை" என்று ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொள்வார்கள். எல்லோருக்கும் நன்றாகவே ஆடத் தெரியும். அவரவர் தேடி வந்தது வேறு, அதுதான் விஷயம்.

இந்தக் கேள்வி செல்போனுக்கெல்லாம் முந்தையது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற கேமை எழுதத் தொடங்கினார். அதை அவரோடு சேர்ந்து வளர்த்தெடுத்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். படம் கிடையாது, சத்தம் கிடையாது. திரையில் எழுத்து மட்டும் வரும். வடக்கே போ, கதவைத் திற என்று நாமும் எழுத்தில்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரே நேரத்தில் பல பேர் ஒரே உலகத்துக்குள் நடமாட முடிந்தது. இன்றைய ஆன்லைன் கேம்களின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் அங்கேதான் போய் நிற்போம்.

அந்த மாதிரி ஒரு மட்டின் மூத்த ஆட்டக்காரர்களுக்குள் 1989 கடைசியில் ஒரு விவாதம் கிளம்பி, 1990 நடுப்பகுதி வரை நீண்டது. இதிலிருந்து ஆளுக்கு என்னதான் வேண்டும் என்பதே கேள்வி. வந்த பதில்களை எல்லாம் அலசி, 1996இல் பார்ட்டில் ஒரு கட்டுரையாக எழுதினார். ஆட்டக்காரர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி நாலு வகையாகப் பிரித்தார். புள்ளி, பொக்கிஷம், பட்டம் என்று சேர்ப்பவர்கள் டைமன். மூலைமுடுக்கெல்லாம் தோண்டிப் பார்ப்பவர்கள் இஸ்பேடு. ஆட்களோடு பழக வருபவர்கள் ஆட்டின். அடுத்தவனை அடித்து வீழ்த்துவதில் சுகம் காண்பவர்கள் கிளாவர். இதற்கு அடியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் கவனம் கேமின் உலகத்தின் மேலா, அதற்குள் இருக்கும் ஆட்கள் மேலா? கவனம் போன இடத்தில் உங்கள் கை ஓங்க வேண்டுமா, அதோடு பழகினால் போதுமா?

போச்சிங்கி வாக்குவாதத்தில் இந்த நாலு பேரும் அப்படியே இருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் கட்டுரை இத்தனை வருடம் கழித்தும் பேசப்படுகிறது.

ஆனால் அதன் முக்கியமான பாதியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 'நீங்கள் எந்த வகை' என்று கண்டுபிடித்துச் சொல்லும் கேள்வித்தாள்தான் இணையத்தில் பிரபலம். அதைச் செய்தவர் பார்ட்டில் இல்லை, வேறு ஆட்கள். அவருடைய அக்கறை, இந்த நாலு கூட்டமும் ஒரே உலகத்தில் எப்படிச் சேர்ந்து வாழ முடியும் என்பதில் இருந்தது. அடிக்கிற ஆட்கள் பெருகினால் முதலில் பழக வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். பேசிக்கொண்டு நிற்கிறவனைப் பின்னாலிருந்து வெட்டினால் அவன் மறுநாள் ஏன் வரப்போகிறான்? பேச வந்தவர்கள் கொஞ்சம் பேர் போனால், மிச்சம் இருப்பவர்களுக்குப் பேச ஆள் குறையும், அவர்களும் போவார்கள். சேர்க்கிற ஆட்களுக்கோ அடிக்கிறவர்களைப் பிடிக்காது, ஆனாலும் ஆபத்தே இல்லாத இடத்தில் சேர்த்த பொருளுக்கு மதிப்பும் இல்லை. கேமைச் செய்பவர் இதில் எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தாலும் இன்னொரு பக்கம் ஆள் குறையும்.

பிஜிஎம்ஐயைத் திறந்து பார்த்தால் இந்தச் சிக்கலை அவர்கள் சமாளித்த விதம் தெரியும். வந்தவுடன் சுட்டுக்கொள்ள நாலு பேருக்கு நாலு பேர் மோதும் 'டிடிஎம்' (டீம் டெத்மேட்ச்) தனியாக. ரேங்க் ஏற கிளாசிக் தனியாக. சும்மா சுற்றிப் பேசிக்கொண்டிருக்க சியர் பார்க் தனியாக. ஒரே இடத்தில் விட்டால் அடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்து, தனித்தனி அறை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. அதுவரை எல்லோரும் 'பப்ஜி பையன்கள்'தான். தடை வந்த பிறகு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். துப்பாக்கிச் சண்டைக்காக ஆடியவன் ஒரு வாரத்துக்குள் ஃப்ரீ ஃபயருக்கோ கால் ஆஃப் டூட்டி மொபைலுக்கோ மாறிவிட்டான். பேச்சுக்காக ஆடியவனுக்குத் துப்பாக்கியே தேவைப்படவில்லை, லூடோ கிங்கும் அமாங் அஸும் போதுமானதாக இருந்தன. ரேங்குக்காக உழைத்தவன்தான் உண்மையிலேயே துக்கப்பட்டான். பல சீசன்களாக ஏற்றிய ரேங்கும் சேர்த்த ஸ்கின்னும் (துப்பாக்கிக்கும் ஆளுக்கும் போடும் அலங்காரம்) அந்த கேம் அக்கவுன்ட்டோடு போனது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்ப வந்தபோது முதல் நாளே ஓடிப்போய், பழைய அக்கவுன்ட்டை மீட்க முடியுமா என்று பார்த்தவனும் அவன்தான். ஒருத்தனுக்கு என்ன வேண்டும் என்று அவனிடம் கேட்பதைவிட, இருந்தது போனபின் எதைத் தேடிப் போகிறான் என்று பார்ப்பது நம்பகமான வழி என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

பார்ட்டிலின் நாலு பெட்டி வசதியானது, ஆனால் ஒரு மனிதனை ஒரு பெட்டியில் அடைத்துவிட முடியாது. நிக் யீ என்ற ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம் ஆடுகிற சுமார் 3,000 பேரிடம் கேள்வி கேட்டு, எந்தப் பதில் எதோடு சேர்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். 10 சின்னக் காரணங்கள் கிடைத்தன, அவை மூன்று பெரிய கொத்துகளாகச் சேர்ந்தன: சாதிப்பது, பழகுவது, அந்த உலகத்துக்குள் மூழ்குவது. ஒன்று அதிகமாக இருந்தால் இன்னொன்று குறைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதிக்கவும் வேண்டும், பழகவும் வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். இன்னொன்றும் தெரிந்தது. ஆண்கள் சாதிக்க ஆடுகிறார்கள், பெண்கள் பழக ஆடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வோமே, சாதிக்கும் ஆசையில் ஆண், பெண் என்பதைவிட வயதுதான் அதிக வித்தியாசம் செய்கிறது.

என் பங்குக்கு நான் சேர்ப்பது, நேரம். மத்தியானம் போச்சிங்கியில் குதிக்கச் சொன்ன அதே பையன் ராத்திரி 11 மணிக்கு, கண் சொருகும்போது, கேண்டி க்ரஷ்ஷில் கலர் கலராக மிட்டாயை நகர்த்திக்கொண்டிருப்பான். அவன் வகை மாறிவிடவில்லை. அன்றைய நாள் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டதும் கொடுத்ததும் மாறியிருக்கிறது.

இதற்கு நல்ல விளக்கம் ரிச்சர்ட் ரையன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ப்ஷிபில்ஸ்கி ஆகிய மூவரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில் இருக்கிறது. மனிதனுக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்ற பழைய உளவியல் கருத்தை அவர்கள் கேம்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். நான் நினைத்ததைச் செய்கிறேன் என்ற சுதந்திரம், எனக்கு இது கைவருகிறது என்ற திறமையுணர்வு, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உறவு. இவை எந்த அளவுக்கு நிறைகின்றனவோ அந்த அளவுக்கு ஒரு கேம் பிடித்துப்போகிறது. இப்போது நம் ஊர் வேலைகளை நினைத்துப் பாருங்கள். செக்கிங் டேபிளில் நாள் முழுக்கப் பீஸ் பார்க்கிற பெண்ணுக்கு அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கும் வாய்ப்பே கிடையாது. தறி ஓடுகிற குடோனில் பக்கத்தில் இருப்பவர் பேசினால் காதில் விழாது. நீட் கோச்சிங் போகிற பையன் மாதக்கணக்காகப் படித்தும் முன்னேறினோமா என்று தெரியாமல் தவிக்கிறான். முதல் ஆளுக்குத் தன் இஷ்டத்துக்குச் சுற்றுகிற கேம் இனிக்கும், இரண்டாமவருக்கு மைக்கில் குரல் கேட்கும் கேம், மூன்றாவது பையனுக்கு அரை மணிக்கொரு தடவை 'லெவல் அப்' என்று காட்டுகிற கேம். எல்லோருக்கும் இப்படி அச்சுப்பிசகாமல் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒருத்தர் ஆடும் கேமைப் புரிந்துகொள்ள அவருடைய பகல் பொழுதைத் தெரிந்துகொள்வது பெரிய உதவி.

இந்தப் பட்டியல்கள் எதிலும் சுலபமாக அடங்காத ஒரு கூட்டம் நம்மிடம் இருக்கிறது. பஸ் ஓட்டுகிறவர்கள். மலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017இல் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற மொபைல் கேமை வெளியிட்டது. சாலைகளெல்லாம் இந்தோனேசியச் சாலைகள். ஆனால் பஸ்ஸுக்கு நமக்குப் பிடித்த பெயின்ட்டை, நமக்குப் பிடித்த பாடியைப் போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பையன்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூரைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இதில் இருக்கும் பித்து தனி. கண்ணாடியின் சாய்வு, முன்பக்க கிரில், பக்கவாட்டுக் கோடு, படிக்கட்டு, பின்னால் எழுதியிருக்கும் வாசகம் என்று எதுவும் தப்பக் கூடாது. உக்கடம் – பொள்ளாச்சி போர்டு மாட்டிய பஸ் ஜாவாத் தீவின் சாலையில் போகிறது. அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம்தான். ஓட்டுகிறவனுக்குக் கிணத்துக்கடவைத் தாண்டுவது போலவே இருக்கும்.

அவன் ஆடுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஸ்டாப் வருவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைக்கிறான். ஆளே இல்லாத திருப்பத்தில் இண்டிகேட்டர் போடுகிறான். முந்திப் போக இடமிருந்தும் முந்தாமல், எதிரில் வரும் பஸ்ஸுக்கு ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுப் போகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாயி கேட்பார், "ஏங்கண்ணு, இதுல கெலிச்சா என்ன குடுப்பாங்க?" "ஒண்ணுங் குடுக்கமாட்டாங்க அம்மாயி, சும்மா ஓட்டறதுதான்."

இந்த 'சும்மா ஓட்டறது' எந்த வகை? புள்ளிக்காக இல்லை, சண்டைக்காக இல்லை, தோண்டிப் பார்க்கவும் இல்லை. நிக் யீ சொன்ன மூழ்குதல் ஓரளவு பொருந்தும். அதைவிட நன்றாகப் பொருந்துவது ரோஜே கயுவா என்ற பிரெஞ்சு அறிஞர் 1958இல் சொன்னது. வீடியோ கேம் என்ற ஒன்றே கடைக்கு வராத காலத்தில் அவர் விளையாட்டுகளை நாலாகப் பிரித்தார்: போட்டி, அதிர்ஷ்டம், வேடம், கிறுகிறுப்பு. நம் பக்கம் இந்த நாலுக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. காங்கேயம் காளைகளைப் பூட்டி ஓட்டும் ரேக்ளா பந்தயம் போட்டி. தாயக்கட்டையை உருட்டுவது அதிர்ஷ்டம். ஆடி மாதம் சேலம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையில் சாமி வேஷம் கட்டி வண்டியில் நிற்பது வேடம். ஆடி நோம்பிக்கு மரத்தில் தூரி கட்டி, வயிற்றில் ஜில்லென்று பிடிக்கும்வரை வீசி ஆடுவது கிறுகிறுப்பு. பஸ் ஓட்டுகிற பையன் டிரைவர் வேஷம் கட்டியிருக்கிறான். வேஷம் கட்டியவனிடம் யார் ஜெயித்தது என்று கேட்டால் அவனுக்குக் கேள்வியே புரியாது.

கயுவா இன்னொரு அளவுகோலும் வைத்தார். ஒரு முனையில் விதியே இல்லாத கும்மாளம், மறுமுனையில் விதியால் இறுக்கிக் கட்டிய ஆட்டம். 2000களில் பிரவுசிங் சென்டரில் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். கேம் செய்தவர்கள் நீளமான கதையும் மிஷன்களும் எழுதி வைத்திருந்தார்கள். என்னோடு ஆடியவர்களில் அதை முடித்த ஒருத்தரைக் கூட எனக்குத் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த சீட் கோடை (விதியை மீற உதவும் ரகசிய எழுத்துகள்) அடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைமேல் போவதுதான் ஆட்டம். கொடுத்த விதியை ஒதுக்கிவிட்டு ஆடுகிறவரும் முழு ஆட்டக்காரர்தான் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் முன்னால், டிவி கேம் காலத்தில், இந்த வித்தியாசத்துக்காகவே வீட்டில் சண்டை நடக்கும். காண்ட்ராவின் மூன்றாவது கட்டம் அருவி, மேலே மேலே தாவி ஏற வேண்டும். ஒருத்தர் வேகமாக ஏறினால் திரையும் கூடவே மேலே நகரும், கீழே தங்கியவர் செத்துப்போவார். சீக்கிரம் முடிக்க நினைக்கும் அண்ணனும், எல்லா எதிரியையும் சுட்டுவிட்டு வர நினைக்கும் தங்கச்சியும் அந்த அருவியில் எத்தனை தடவை அடித்துக்கொண்டிருப்பார்கள்!

இதையே திட்டமிட்டு ஆட்டமாக்கியவர்கள் நம் முன்னோர். ஆடு புலி ஆட்டத்தில் ஒரு பக்கம் 3 புலி, மறுபக்கம் 15 ஆடு. கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் அந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். புலிக்காரருக்குத் தாண்டி வெட்டும் வேகம் வேண்டும். ஆட்டுக்காரருக்குப் பொறுமை வேண்டும், ஒரு ஆடு போனாலும் வேலி கலையாமல் அடைத்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு குணமும் ஒரே பலகையில் சந்திக்கின்றன, இரண்டு பேருக்கும் திருப்தி. எல்லோரையும் ஒரே மாதிரி ஆடவைக்காமல் ஆளுக்கொரு வேலை கொடுக்கும் அமாங் அஸ் போன்ற கேம்கள் போகிற பாதையும் இதுதான்.

ஆசைகளை இப்படி அளந்து பார்ப்பதில் வியாபாரமும் இருக்கிறது. பிஜிஎம்ஐயின் எம்416 துப்பாக்கிக்குப் போடும் கிளேசியர் ஸ்கின்னை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையும் நீலமுமாகப் பனிக்கட்டி போல மின்னும். குண்டின் பலம் அதனால் துளியும் கூடாது. ஆனாலும் லாபியில் நிற்கும்போது பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். பழக வந்தவனுக்கும் சேர்க்க வந்தவனுக்கும் ஒரே நேரத்தில் விற்கிற சரக்கு அது. அது கிடைப்பதோ, காசு கொடுத்துத் திறக்கும் 'கிரேட்' என்ற பெட்டியில் வரலாம், வராமலும் போகலாம். கயுவா சொன்ன அதிர்ஷ்டத்தை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். தாயக்கட்டையை உருட்டும்போது கை துறுதுறுக்கும் அதே துடிப்புதான், ஆனால் இங்கே ஒவ்வொரு உருட்டலுக்கும் காசு. இந்த ஒரு ஆசையில் மட்டும் நான் நடுநிலையாக இருக்க மாட்டேன். 13 வயதுப் பிள்ளையின் கையில் அப்பாவின் யுபிஐ இருக்கும் வீட்டில் கிரேட் திறக்கும் பழக்கத்தை 'அவன் ஆசை' என்று விட்டுவிடக் கூடாது.

கஷ்டம் பற்றிய சண்டையும் இதே கதைதான். எல்டன் ரிங் மாதிரி கேமில் ஒரே எதிரியிடம் ஒரு ராத்திரி முழுக்கத் தோற்று, கடைசியில் ஜெயிப்பதற்காகவே ஆடுகிறவர்கள், சுலபமாக்கும் வசதி கேட்பவர்களைக் கேவலமாகப் பேசுவார்கள். 2018இல் வந்த செலஸ்ட் மிகக் கஷ்டமான கேம், அதிலேயே வேகத்தைக் குறைக்கவும், சாகாமல் ஆடவும் வசதி வைத்தார்கள். கஷ்டப்பட விரும்பியவர்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

வயதாக ஆக இந்த ஆசைகள் இடம் மாறும். நிக் யீ பிறகு தொடங்கிய குவான்டிக் ஃபவுண்டரி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் கேட்டதில், வயதோடு மிக அதிகமாகக் குறைவது போட்டி ஆசைதான் என்று தெரிந்தது. 16 வயதில் கில் எண்ணிக்கொண்டிருந்தவர் 35 வயதில் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமில் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் வீட்டில் எதற்கு உதவும் என்றால், "போதும், போனை வை" என்று சொல்கிற அந்த நேரத்துக்கு. பிஜிஎம்ஐ கிளாசிக்கை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. ஒரு மேட்ச் கிட்டத்தட்ட அரை மணி நேரம் போகும், நடுவில் எழுந்தால் ரேங்க் இறங்கும், கூட இருக்கும் மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். அதனால் 'இந்த மேட்ச்சோட சரி' என்று தொடங்கும் முன்பே பேசி வைப்பதுதான் நடக்கிற காரியம். மைன்கிராஃப்டில் தனியாகக் கோபுரம் கட்டுகிற பிள்ளை எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம், கட்டியது அப்படியே இருக்கும். ஆனால் அதை அழித்துவிட்டால் ரேங்க் போனதைவிட அதிகம் அழும். பேச்சுக்காக ஆடுகிற பிள்ளையிடம் போனைப் பிடுங்கினால், அது கேமை இழக்கவில்லை, அன்றைய கூட்டாளிகளை இழக்கிறது. அவர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னால் போன் தானாகவே கொஞ்சம் கீழே இறங்கும். பஸ் ஓட்டுகிற பையனை ஒரு நாள் நிஜமாகவே கரூருக்குக் கூட்டிக்கொண்டு போய், பாடி கட்டுகிற பட்டறையைக் காட்டலாம்.